வேறு நாயைக் கண்டாலே பாயும் நாய்க்கு

வணக்கம். வீட்டில் சாதுவாக இருக்கும் உங்கள் இரண்டு வயது நாய், நடைப்பயிற்சியின்போது வேறு நாயைக் கண்டால் குரைத்துப் பாய்கிறது என்றும், வாரைச் சுண்டி அதட்டியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் இது திமிர் அன்று, அச்சம். வாரைச் சுண்டி அதட்டினால், மற்ற நாய் வரும்போதெல்லாம் தனக்கு வலி நேர்கிறது என்றே அது கற்றுக்கொள்ளும்.

அதற்கு மாறாக, மற்ற நாய் வந்தால் தீனி கிடைக்கும் என்று அதற்குப் பழக்குவதே பயிற்சி. முதலில் தொலைவைக் கவனியுங்கள். மற்ற நாயைப் பார்த்த பிறகும் உங்கள் கையிலுள்ள இறைச்சித் துண்டை வாங்கித் தின்னும் தொலைவே பயிற்சிக்கு உரியது. வாயை இறுக மூடி, உடல் விறைத்து, பிடித்த தீனியைக்கூட முகராமல் நின்றால் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், உடனே திரும்பி விலகிவிடுங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் அது மற்ற நாயைப் பார்க்க வேண்டும், அடுத்த நொடியே தீனி வர வேண்டும், அந்த நாய் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். தீனியை முந்திக் காட்டினால், நாளடைவில் தீனிப் பையைப் பார்த்தாலே நாய் கலங்கத் தொடங்கும் (நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான்). மற்ற நாயைக் கண்டதும் அது தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நாள் வந்த பிறகு, ஓரிரு அடி மட்டும் நெருங்கிப் பாருங்கள். இந்தப் பழக்கம் திடீரென்று தொடங்கியிருந்தால், உடலில் எங்கேனும் வலி உள்ளதா என்று கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.