மூக்கடைப்புக்கு ஹீட்டட் டியூப் வாங்கலாமா?

கேள்வி: வயது 58, பெரம்பூரில் இருக்கிறேன். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் பிரச்சினைக்காக நான்கு மாதமாக சிபாப் மெஷின் போடுகிறேன். ஆரம்பத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் சொட்டியது. மெஷின் விற்ற கடையிலிருந்து டெக்னீஷியன் வந்து ஈரப்பத அளவை 1-க்குக் குறைத்தார். சொட்டுவது நின்றது. ஆனால் இப்போது இரவு இரண்டு, மூன்று மணிக்கு மூக்கு அடைத்துக்கொள்கிறது. மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறேன். ஹீட்டட் டியூப் மாட்டினால் சரியாகிவிடும், 7,000 ரூபாய் ஆகும் என்கிறார் அவரே. வாங்கலாமா?

பதில்: இன்றைக்கே வாங்காதீர்கள் ஐயா. உங்கள் மூக்கு அடைப்பதற்கு அந்த 1-தான் காரணமாக இருக்க வேண்டும்.

ஏசி அறையின் காற்று வறண்டது. அதை மெஷின் இரவு முழுக்க அழுத்தத்தோடு மூக்கில் தள்ளுகிறது. மூக்கின் உள்சவ்வு உலர்ந்து, அதிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து வீங்கிவிடும். சளியே இல்லாமல் அடைக்கும். சிந்தினாலும் ஒன்றும் வராது. இதைத் தடுக்கத்தான் மெஷினில் தண்ணீர்த் தொட்டி. அதைக் கிட்டத்தட்ட மூடிவிட்டுப் போயிருக்கிறார் அவர்.

சரி, தண்ணீர் ஏன் சொட்டியது? தொட்டியிலிருந்து கிளம்பும் வெதுவெதுப்பான ஈரக்காற்று ஆறடி டியூபைக் கடந்து வர வேண்டும். அறை குளிர்ந்திருந்தால் டியூபின் உட்சுவரில் முத்து முத்தாய் நீர் கோத்து நிற்கும். டார்ச் அடித்தால் தெரியும். புரண்டு படுத்ததும் களகளவென்று ஓடி வந்து மேலுதட்டில் தெறிக்கும். ஹீட்டட் டியூபில் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். மாஸ்க் வரைக்கும் காற்று குளிராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் அதை மாட்டினால் மூக்கு இன்னும் காயும்.

முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். ஏசியை 26-இல் வையுங்கள். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். டியூபில் கோக்கும் நீர் முகத்துக்கு வராமல் பின்னால் இறங்கிவிடும். டியூபைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், அல்லது பழைய டவலை உறைபோலத் தைத்து மாட்டுங்கள். பிறகு ஈரப்பதத்தை இரவுக்கு ஒரு படியாக 4, 5 வரை ஏற்றுங்கள். மூக்கு திறந்து, சொட்டலும் இல்லையென்றால் 7,000 ரூபாய் மிச்சம். மூக்குக்குத் தேவையான அளவில் வைத்தும் சொட்டினால் டியூப் வாங்குங்கள். அப்போது அது நிச்சயம் கைகொடுக்கும்.

வாங்கும்போதுதான் ஏமாற்று வேலை ஆரம்பம். ‘எல்லா மெஷினுக்கும் பொருந்தும்’ என்று யாராவது நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10-இன் ஹீட்டட் டியூப், அதே கம்பெனியின் ஏர்சென்ஸ் 11-க்குச் சேராது. பயணத்துக்கான ஏர்மினியில் ஹீட்டட் டியூபே கிடையாது. உங்கள் மெஷினின் மாடல் ஸ்டிக்கரைப் போனில் படமெடுத்துக் காட்டி, சீல் பிரிக்காத பெட்டியாக, பில்லோடு வாங்குங்கள். மாட்டியதும் மெஷின் அதை அடையாளம் கண்டு திரையில் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ரெஸ்மெட்டாக இருந்தால் டியூபின் சூட்டை 27 டிகிரியில் தொடங்கலாம். கூடவே, மெஷினையும் டியூபையும் ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் ஓசோன் கிளீனர் ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம், அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-லேயே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் போதும். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தினமும் புதிதாக.

இந்த நிலைமையே எனக்கு ஆத்திரமாக வருகிறது. வீட்டுக்கு வந்து ஸ்லீப் டெஸ்ட் எடுப்பவர், மெஷின் விற்பவர், செட்டிங் மாற்றுபவர் என்று பல இடங்களில் மூவரும் ஒரே கடை ஆள். மருத்துவர்கள் நாங்கள் பிரஷரை எழுதிக் கொடுப்பதோடு சரி. ஈரப்பதத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகள் வீட்டு சிபாப்புக்குப் பணம் தருவதில்லை. போன் செய்தால் எடுப்பவர் டீலர் ஒருவர்தான் என்றால், நோயாளி வேறு யாரிடம் கேட்பார்?

ஒன்றை மட்டும் மறைக்காமல் யோசித்துப் பாருங்கள்: தலையணைக்குப் பக்கத்தில் மூக்குச் சொட்டு மருந்து இருக்கிறதா? சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை மருந்துகள் சீட்டே இல்லாமல் மெடிக்கலில் கிடைக்கின்றன. போட்ட சில நிமிடங்களில் மூக்கு திறக்கும். மூன்று முதல் ஐந்து நாள்வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். இப்படி மாதக்கணக்கில் போட்டுவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். நீங்கள் அப்படியென்றால் ஹீட்டட் டியூப், ஈரப்பதம் எதுவும் உதவாது. சொட்டை நிறுத்த வேண்டும்; நிறுத்திய முதல் சில இரவுகள் கடுமையாக இருக்கும் என்பதால் இஎன்டி மருத்துவரிடம் ஸ்டீராய்டு ஸ்பிரே கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். காய்ச்சி ஆறவைத்த நீரில் செய்த உப்புக் கரைசலால் படுக்கும் முன் மூக்கைக் கழுவுவதும் உதவும்.

காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் வாய் திறந்து காற்று வெளியேறுகிறது. மாஸ்க்கை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு வாரம் பார்த்தும் அடைப்பு போகவில்லையென்றால், மெஷினையும் மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரை நேரில் பாருங்கள். அதுவரை கடைக்காரரை செட்டிங்கில் கை வைக்க விடாதீர்கள்.