வெறும் பாத்திரம் திருப்பி அனுப்பிய டீச்சருக்கு

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தலைமுறை தலைமுறையாகச் சபைக்குப் போய்வரும் குடும்பம். பதுளைப் பக்கம் மண்சரிவில் வீட்டை இழந்த ஒரு பெண், இரண்டு மகள்மாரோடு எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, குடிவந்தாள். புருஷன் இல்லை. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறாள். சைவக்காரி. வெளியாள் என்று யாரும் சேர்க்காதபோது நான்தான் அரிசி, மா, கம்பளி, பிள்ளைகளுக்குக் கொப்பி எல்லாம் கொடுத்தேன். நத்தாருக்குக் கேக் அனுப்பினேன். மாதர் ஐக்கியத்துக்கும் அழைத்தேன். இரண்டு தரம் வந்தாள், பிறகு வரவில்லை. போன தீபாவளிக்கு ஒரு சில்வர் பாத்திரம் நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து தந்தாள். படைத்ததோ என்னவோ என்று பேரனைத் தொடவிடாமல், வேலைக்கு வரும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இப்போது என்னைக் கண்டால் குறுக்குப் பாதையில் இறங்கிப் போகிறாள். "இவர்களுக்குச் செய்தால் இப்படித்தான்" என்கிறார்கள் சபையில். நிபந்தனை இல்லாமல் அன்பு காட்டச் சொல்கிறது வேதம். காட்டினேன். நன்றியில்லாதவர்களிடம் இன்னும் எவ்வளவு காலம்தான் காட்டுவது?

பதில்: டீச்சர், "செய்தேன், செய்தேன், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்" என்ற கடிதம் எனக்குப் புதிதில்லை. ஹட்டனிலிருந்தும் வரும், பண்டாரவளையிலிருந்தும் வரும். நீங்கள் எதிர்பார்க்கும் ஆறுதலைத் தர எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடைசிக் கேள்வியைவிட, நடுவில் நீங்கள் தாண்டிப் போன ஒரு வரிதான் எனக்கு முக்கியம்.

பாத்திரத்தைக் கழுவி அனுப்பினீர்கள். அதில் என்ன போட்டு அனுப்பினீர்கள்? ஒன்றும் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். கொப்பி கொடுத்ததைக்கூட எழுத மறக்காத நீங்கள், அதை எழுதாமல் விட்டிருக்கமாட்டீர்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் மலையகத்தில் எந்த வீட்டில் இருக்கிறது? அடுப்பில் ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் அம்மா சொல்லித் தந்திருப்பார்கள். அவளுடைய அம்மாவும் அவளுக்குச் சொல்லித் தந்திருப்பார். அதனால்தான் அந்தப் பாத்திரத்தைத் திறந்த கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த அதிரசத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து, ஈரம் காயுமுன் இடித்து, சலித்து, பாகு காய்ச்சி, மாவைப் பிசைந்து மூடி வைக்கவேண்டும். பாகு பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்துபோகும். நாள் முழுக்க மலையில் கூடை சுமந்துவிட்டு வந்தவள், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், இரண்டு பிள்ளைகள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி இதைச் செய்திருக்கிறாள். எண்ணெய் என்ன விலைக்கு விற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அத்தனையும் அவளுடைய கைக்காசு.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. பிழைத்தவர்கள் பாடசாலைக் கட்டடங்களில் தங்கினார்கள். நாடு முழுவதிலுமிருந்து சாமான் வந்தது. மலையகத்தில் மண் சரிகிற ஒவ்வொரு முறையும் இதே கதைதான். உங்கள் லயத்துப் பெண்ணும் இப்படி ஒரு வரிசையில் நின்றுதான் வந்திருப்பாள். பட்டியலில் பெயர், கையில் துண்டு, யாரோ தெரிந்தெடுத்த பழைய உடுப்பு. வாங்கி வாங்கிக் கூசிப்போன கை அது. தீபாவளியன்றுதான் அவள் உங்கள் வாசலுக்கு முதல்முறையாகக் கொடுக்கிறவளாக வந்தாள். உங்களுக்குச் சரிசமமாக, ஓர் அயல்வீட்டுக்காரியாக. அதைத்தான் நீங்கள் கழுவித் திருப்பி அனுப்பினீர்கள்.

படைத்தது என்ற தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மையான மனச்சாட்சியாக இருக்கலாம். ஆனால் 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் பவுல் இதற்கு நேராகவே பதில் எழுதியிருக்கிறார். அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால், முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடச் சொல்கிறார். இது படைத்தது என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால் மட்டும் விட்டுவிடச் சொல்கிறார். உங்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் தெரியுமா? வேதக்கார வீட்டுக்கு என்று படைக்குமுன் தனியாக எடுத்து வைக்கிற சைவ வீடுகள் எத்தனையோ உண்டு. அவளும் எடுத்து வைத்திருந்தால்?

இன்னொன்று. உங்கள் பேரனுக்கு ஆகாத பலகாரம் வேலைக்கு வரும் பிள்ளைக்கு ஆகுமா? அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. இந்த வரியை நீங்கள் எந்தச் சங்கடமும் இல்லாமல் எழுதியதுதான் என்னை மிகவும் வருத்தியது. அந்தப் பிள்ளை பலகாரத்தை எடுத்துக்கொண்டு எந்த லயத்துக்குப் போயிருக்கும்? ஒரு சுவர்தான் இரண்டு காம்பராவுக்கும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போதே செய்தி போயிருக்கும்.

யோவான் 4ஆம் அதிகாரத்தை நீங்கள் ஞாயிறு பாடசாலையில் எத்தனை தரம் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்! சமாரியருடன் யூதர் கலவாத காலம். கிணற்றடியில் ஆண்டவர் அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டது தண்ணீர். மொண்டு குடிக்க அவரிடம் பாத்திரம் இல்லை. அவளுடைய குடத்திலிருந்துதான் குடிக்கக் கேட்டார். பிறகு அந்த ஊரார் வருந்திக் கேட்டுக்கொண்டதால் இரண்டு நாள் அங்கேயே தங்கினார். இரண்டு நாளும் யார் வீட்டில் சாப்பிட்டிருப்பார்?

நமது மலையில் கிறிஸ்தவம் தழைத்த கதையும் இப்படித்தான். நீங்கள் கத்தோலிக்கர் இல்லை என்றாலும் ஜோசப் வாஸ் அடிகளாரைத் தெரிந்திருக்கும். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்தவர். ஒல்லாந்தர் பகுதியில் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லை. 1692இல் கண்டிக்குப் போனபோது உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். பிறகு அவரை நடமாடவிட்டு இடம் கொடுத்தவன் ஒரு பௌத்த அரசன், இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் அம்மை பரவி, ஊரார் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, எந்தச் சமயம் என்று பாராமல் அவர் பணிவிடை செய்தார். அவர் செய்த உபகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பே அந்நியர் கையால் உப்பைத் தின்று வாழ்ந்தவர் அவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அவளை வெளியாள் என்கிறார்கள். சொல்கிறவர்கள் யார்? 1948இல் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். 1964இல் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவர் கணக்கெழுதிய சனத்தின் பேரப்பிள்ளைகள். உங்களிடத்தில் தங்கும் அந்நியனை உங்களைப்போல நேசியுங்கள் என்கிற லேவியராகமம் 19:34 நம்மைப் பார்த்துத்தான் பேசுகிறது.

மாதர் ஐக்கியத்துக்கு இரண்டு தரம் வந்தாள், பிறகு வரவில்லை என்று எழுதுகிறீர்கள். நிபந்தனை இல்லாத அன்புக்கு எதற்கு டீச்சர் இந்த வருகைப் பதிவு? அரிசிக்குப் பதிலாக அவள் ஜெபக்கூட்டத்தில் உட்காரவேண்டும் என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆனால் அவளுக்கு அது விளங்கியிருக்கிறது. இனி அழைக்காதீர்கள். வர விரும்பினால் அவளுக்கு வழி தெரியும்.

உங்கள் பேரனைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. பிள்ளை சமயத்தைக் கற்றுக்கொள்வது பிரசங்கத்திலல்ல, பாட்டியின் குசினியில்தான். கீழ் லயத்துச் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று அன்றைக்கு அவன் படித்துக்கொண்டான். வீட்டில் மூத்தவர் ஒரு பிழை செய்தால், அதைச் சின்னவர்கள் முன்னாலேயே திருத்துவதுதான் மூத்தவருடைய கடமை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆகையால் நத்தாருக்கு முன் ஒரு ஞாயிறு பின்நேரம் பேரனையும் கூட்டிக்கொண்டு அவள் காம்பராவுக்குப் போங்கள். கையில் கேக்கும் வேண்டாம், துணியும் வேண்டாம், சபைத் துண்டுப்பிரசுரமும் வேண்டாம். இஸ்தோப்பில் உட்காருங்கள். "தீபாவளியன்று நான் செய்தது பிழை, மகள்" என்று பேரன் காதில் விழச் சொல்லுங்கள். காரணம் சொல்லிச் சமாளிக்காதீர்கள். பிறகு ஒரு தேத்தண்ணி கேளுங்கள். அவள் ஊற்றித் தந்தால் இருவரும் குடியுங்கள். தராவிட்டால் கோபிக்காமல் எழுந்து வாருங்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போங்கள். அவள் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம்.