கடலுக்கு எந்த மாசம் போகலாம்? சேலத்துக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

சேலத்திலிருந்து வேனில் குடும்பங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் வருவது என் தொழில். எல்லாரும் "எந்த மாசம் நல்லது"ன்னு மட்டும்தான் கேட்கிறீர்கள், எந்தக் கடல்னு யாரும் கேட்பதில்லை. கிழக்கே புதுச்சேரி 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோழிக்கோடு 350 வாக்கில். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையை அடிக்கும், அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நம்ம கிழக்குக் கரையை அடிக்கும். நடுவில் உட்கார்ந்திருக்கிற சேலத்துக்காரனுக்கு ஏதாவது ஒரு பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். இதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: பிள்ளைகளுக்கு மே மாசம்தான் லீவு. அக்னி நட்சத்திரத்தில் கடலுக்குப் போனால் வெந்து போய்விடுவோமா?

போகலாம் அக்கா, நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மே மாதம் புதுச்சேரியில் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று அனலாக வீசும், மணி பதினொன்று, பன்னிரண்டு ஆனதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து வர ஆரம்பிக்கும். கரையில் நட்டு வைத்த கொடியைப் பார்த்தாலே தெரியும், கடலைப் பார்த்துப் பறந்த துணி கொஞ்ச நேரம் தொங்கிக் கிடந்து அப்புறம் ஊரைப் பார்த்துத் திரும்பும். அதோடு வெயிலின் உறைப்பு குறையும், ஆனால் புழுக்கம் ஏறும். சேலத்து வெயில் வறட்சியானது, வேர்த்தால் காய்ந்துவிடும். அங்கே சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். விடிந்ததும் ஒரு குளியல், எட்டரை மணிக்குள் ரூமுக்குத் திரும்பி, மறுபடி நாலரைக்கு மேல் போனால் பிள்ளைகள் தாங்குவார்கள்.

மே மாதத்தில் நான் பயப்படுவது கன்னியாகுமரி, கேரளப் பக்கம். மழையும் இருக்காது, காற்றும் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், திடீரென்று கடல் எழும்பிக் கரைக்குள் வரும். கள்ளக்கடல் என்று சொல்வார்கள். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயல்காற்று கிளப்பிவிடும் அலை அது, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். இந்த எச்சரிக்கையை ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் முன்கூட்டியே கொடுக்கும். மழை வருமா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், அலை எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து, காபி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்: காபி பறிப்பு முடிந்த பிறகுதான் நகர முடியும். பிப்ரவரி சரியாக இருக்குமா?

உங்களுக்கு அடித்தது யோகம் தம்பி. கிழக்குக் கரைக்கு அதைவிட நல்ல மாசம் கிடையாது. மழை ஓய்ந்திருக்கும், வாடைக் காற்றின் வேகம் அடங்கியிருக்கும், தண்ணீர் கலங்கலில்லாமல் இருக்கும். மலைக் குளிரில் இருந்து இறங்குகிறவர்களுக்குக் கடலோரப் புழுக்கம்தான் ஒத்துக்கொள்ளாது, அது பிப்ரவரியில் குறைவு.

புதுச்சேரியே வேண்டுமென்று இல்லை. ஆத்தூர், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போய், பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு ஏறுங்கள். மழைக்குப் பிறகு காடு பச்சையாக இருக்கும், வலசை வந்த பறவைகளும் அப்போது இருக்கும். அடுத்த நாள் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது, சாயங்காலம் கூட்டமில்லாமல் உட்காரலாம். எனக்குப் பிடித்த கடற்கரை அதுதான், வேனில் வருகிற பசங்களுக்கு அங்கே பொழுது போகாது என்பது வேறு விஷயம்.

ஓமலூரிலிருந்து நான்கு நண்பர்கள்: டிசம்பர் 31 புதுச்சேரி. எப்படிண்ணா?

வேண்டாம்னு சொன்னால் கேட்கப்போவதில்லை, அதனால் தெரிந்துகொண்டு போங்கள். அந்த வாரம் ரூம் வாடகை எகிறும், சாலை நெரிசல். மழை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறி ஊரையே மூழ்கடித்தது, அதே மழை உள்ளே வந்து நம்ம ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண்ணைச் சரித்தது. அதனால் நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற ரூமாகப் போடுங்கள்.

குளிப்பதைப் பற்றி ஒன்று. டிசம்பரில் கிழக்குக் கடலுக்கு இழுப்பு அதிகம். அலை வெள்ளையாக உடைந்து வருகிற இடத்தைப் பார்த்துப் பயந்து, நடுவில் அலையே உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில் இறங்குகிறார்கள். அங்கேதான் தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடுகிறது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போடாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு திரும்புங்கள். நகரத்துக்குள் இருக்கிற பாறைக் கடற்கரை நடப்பதற்கு மட்டும்தான். தண்ணி போட்டுவிட்டு இறங்குகிற ஆள் யாராக இருந்தாலும் என் வண்டியில் ஏற்ற மாட்டேன்.

மேட்டூரிலிருந்து: ஜூன் மாசம் கேரளாவில் மழையோடு கடலைப் பார்க்க ஆசை. பைத்தியக்காரத்தனமா?

இல்லவே இல்லை, பார்க்கப் போங்கள், குளிக்கப் போகாதீர்கள். வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளாவில் பருவமழை ஆரம்பிக்கும், வர்க்கலையில் செங்குன்றின் மேல் நின்று பார்த்தால் கடல் சேற்று நிறத்தில் பொங்கும். ரூம் வாடகை சீசனைவிடக் குறைவு. நடு ராத்திரி தாண்டி சேலம் ஜங்ஷனில் மங்களூர் மெயில் பிடித்தால் காலையில் கோழிக்கோடு; மழை நாளில் மலைப்பக்க ரோட்டில் வண்டி ஓட்டுவதைவிட அது நிம்மதி. என் பிழைப்புக்கு எதிராக நானே பேசுகிறேன்.

ஆத்தூரிலிருந்து: ஆடி அமாவாசைக்கு வயதான அப்பா அம்மாவோடு ராமேஸ்வரம். ஆடிக் காற்றில் கடலில் முழுக்குப் போட முடியுமா?

முடியும் சார். ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், அக்னி தீர்த்தம் இருக்கிற பக்கம் குளம் மாதிரி கிடக்கும். தனுஷ்கோடிக்குப் போனால் சாலையின் இரண்டு பக்கமும் இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும், அங்கே இருக்கிறவர்கள் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். மார்கழியில் வாடைக் காற்று வந்தால் கதை தலைகீழ், அமைதியாக இருந்த பக்கம் அலையடிக்கும். பெரியவர்களுக்கு அலையைவிடக் கூட்டம்தான் சிரமம். அமாவாசைக்கு முதல் நாளே போய்த் தங்கி, விடியற்காலை முடித்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: எனக்குக் கடலெல்லாம் சும்மா, மீன்தான் முக்கியம்.

அப்போ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரைப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், வஞ்சிரம் விலை வாயில் வைக்க முடியாது, அதுவும் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததாக இருக்கும். நாட்டுப் படகு மட்டும் போவதால் நெத்திலி, சின்ன மீன்கள் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்குங்கள், பழுப்பு என்றால் நடையைக் கட்டுங்கள்.

என் கணக்கில் புரட்டாசி நல்லது. பாதித் தமிழ்நாடு அசைவம் விட்டிருப்பதால் விலை இறங்கும், வடகிழக்குப் பருவமழையும் இன்னும் ஆரம்பித்திருக்காது. சாயங்காலம் இடி மழை வந்தாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும்.

அம்மாபேட்டையிலிருந்து, புதுசாகக் கல்யாணமானவர்: தை மாசக் கல்யாணம். பொங்கல் லீவிலேயே போய்விடலாமா?

காணும் பொங்கல் அன்று எந்தக் கடற்கரையிலும் உங்கள் இரண்டு பேருக்கு நிற்க இடம் கிடைக்காது. ஒரு பத்து நாள் தள்ளுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை இரண்டு கரையும் நன்றாக இருக்கும், கோவளமோ வர்க்கலையோ புதுச்சேரியோ உங்கள் இஷ்டம். சனி, ஞாயிறைத் தவிர்த்துச் செவ்வாய், புதன் போனால் ரூமும் மலிவு. தேதி முடிவானதும் சொல்லுங்கள், இரண்டு பேருக்கு வேன் எதுக்கு, தெரிந்த காரை அனுப்பி வைக்கிறேன்.