வெள்ளாமை நிலமும் வடியாத தண்ணீரும்: சில கேள்விகள், பதில்கள்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை வயல்களைப் பற்றி வந்தவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கிட்டத்தட்ட எல்லாமே சுற்றிச் சுற்றித் தண்ணீரில்தான் வந்து நிற்கின்றன.

வந்தாறுமூலை, உயர்தர மாணவி: சேர், மட்டக்களப்புச் சமவெளியை உண்டாக்கியது மகாவலியா?

இல்லை மகள். மகாவலி வடக்கே கொட்டியாரக் குடாப் பக்கம் போய்விடுகிறது. நம்முடையது பல சிறிய ஆறுகள் சேர்ந்து கட்டிய நிலம்: மாதுறு ஓயா, முந்தனை ஆறு, மகிழவட்டவான் ஆறு, நவகிரி ஆறு, தெற்கே கல்லோயா. மேற்கிலிருந்து இறங்கி வரும் ஆறு தட்டை நிலத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து வண்டலை இறக்கிவிடுகிறது. ஆனால் மட்டக்களப்பில் பெரும்பகுதித் தண்ணீர் நேரே கடலுக்குப் போவதில்லை. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி குறுக்கே கிடக்கிறது. அதற்கு மேற்கே படுவான்கரை, களிகலந்த வண்டல், நெல். கிழக்கே எழுவான்கரை, கடல் குவித்த மணல், தென்னை, கிணற்றுத் தண்ணீரில் மரக்கறி. களுதாவளை வெற்றிலை அந்த மணலில்தான் விளைகிறது. பரீட்சையில் இந்த இரண்டு கரையையும் பிரித்து எழுதுங்கள்.

சம்மாந்துறை: கல்லோயாத் திட்டம் வந்த பிறகுதான் இங்கே வயல் வந்தது என்கிறார்களே, சரியா சேர்?

சரியில்லை தம்பி. போடிமார் என்ற பெரிய நிலக்காரரின் வட்டைகளும் (வயல்வெளிகளும்) பழைய குளங்களும் அதற்கு வெகு முன்பே இருந்தன. கல்லோயாவுக்குப் பட்டிப்பளை ஆறு என்ற பெயரும் நம்மிடம் இருக்கிறதே. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரம் உருவானது. அதன் பிறகு காட்டு நிலமும் வயலானது, சிறுபோகமும் (கோடைக்கால வேளாண்மை) கூடுதலான இடங்களில் செய்ய முடிந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. குறை எங்கே என்றால், இடதுகரை வாய்க்காலின் தலைப்பக்கம் மேற்கே, வால்பக்கம் கரையோரம். மேலே அள்ளி இறைத்தால் கீழே வக்கடை (வயலுக்குத் தண்ணீர் விடும் வரம்பு வாய்) காய்ந்து கிடக்கும். 1980களின் தொடக்கத்தில் வாய்க்காலைத் திருத்தியபோது, ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து முறைவைத்துத் தண்ணீர் பகிர்ந்தார்கள். சீமெந்தை விட அந்த ஏற்பாடுதான் வால்பக்கத்தைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான எண்ணம்.

வெல்லாவெளி: ஐயா, வாவியோர வயலில் ஒவ்வொரு மாரியிலும் பயிர் அழுகுகிறது. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைக்கும் மணலை முன்கூட்டியே வெட்டிவிட்டால் என்ன?

உங்கள் வேதனை நியாயமானது. இங்கே ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிடுகிறது. வாவியில் விழும் ஆறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பெருகி வரும். அந்த நேரம் பாலமீன்மட்டிலும் பெரியகல்லாற்றிலும் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் தண்ணீர் போக இடமில்லை, வயலுக்குள் ஏறுகிறது. குளமும் நிரம்பி வான் பாய்ந்தால் இரட்டை அடி.

ஆனால் மழை பிடிக்க முன் வெட்டினால் வாவி நீர் மட்டம் இறங்கி, வற்றுப்பெருக்கோடு கடல் உள்ளே வரும். உங்கள் வரம்போரம்தான் முதலில் உப்பாகும். பிந்தி வெட்டினாலோ, கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நிற்கும் பயிர் மூழ்கிப் பதராகும். ஆகவே திகதியை வைத்து வெட்டக்கூடாது. வாவி மட்டத்தையும், உன்னிச்சை, நவகிரி குளங்களின் நிலையையும் பார்த்து, விவசாயியும் மீனவரும் ஒன்றாக இருந்து முடிவெடுக்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளம் அறுவடையை நெருங்கிய வயல்களை அழித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

உங்கள் கையில் இருப்பது இரண்டு. வடிகானை மழைக்கு முன் துப்புரவாக்குங்கள். பள்ள வயலை முந்தி விதையுங்கள், மார்கழி வெள்ளத்துக்குள் பயிர் நிமிர்ந்து நிற்கும். ஒருவர் மட்டும் முந்தினால் பூச்சியும் பறவையும் அவர் வயலில்தான் விழும். போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் முழு வட்டைக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

அக்கரைப்பற்று: பிஜி 300, பிஜி 352 நெல் இனங்களில் எது நல்லது?

தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்பதைப் பார்த்து எடுங்கள். 300 மூன்று மாதம், 352 மூன்றரை மாதம். சிறுபோகத்தில் வால்பக்கக்காரருக்கு மூன்று மாத நெல்லே பாதுகாப்பு.

ஏறாவூர்: மாரி வந்தால் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் ஏன் கொண்டுபோகிறார்கள்?

பெரும்போகத்தில், அதாவது மாரிக்கால வேளாண்மையில், சமவெளி முழுக்க விதைப்பு. மாடு நிற்க ஒரு துண்டு நிலம் மிஞ்சாது. அறுவடை முடிந்ததும் அவை தாள் மேய வயலுக்குத் திரும்பும், எருவும் வயலுக்கே வரும். மேய்ச்சல் தரை இல்லாமல் போனால் தயிர்க்காரர் மட்டுமல்ல, வயல்காரரும் நட்டப்படுவார். இதை வயல்காரர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கொக்கட்டிச்சோலை: வெட்டு மெஷின் போன பிறகு வைக்கோலைக் கொளுத்திவிடலாமா?

வேண்டாம். பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. கொளுத்தினால் நைதரசன் புகையோடு போய்விடும், சாம்பலில் மிஞ்சுவதை முதல் மழை அடித்துக்கொண்டு போகும். 2021இல் இரசாயனப் பசளை நின்றபோது விளைச்சல் எவ்வளவு விழுந்தது என்று பார்த்தோம். யூரியாவுக்கு வைக்கோல் மாற்று இல்லை, ஆனாலும் மண்ணுக்கு அது வேண்டும். வயல் முழுக்கப் பரப்பி, முதல் உழவில் புரட்டிவிட்டு, விதைக்க முன் இரண்டு மூன்று கிழமை மக்க விடுங்கள். உடனே விதைத்தால் பயிர் மஞ்சளாகும்.