நிலைய வாசலில் இடித்தவனும் சுட்டவனும்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நான்கு பேர், கொடுங்கையூர். கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்டாக ஒரு விண்வெளி ஆன்லைன் கேம் செய்துகொண்டிருக்கிறோம். சரக்கு ஏற்றலாம், சுரங்கம் தோண்டலாம், சண்டை போடலாம். நிலையங்களைச் சுற்றிப் போலீஸ் உண்டு. அடுத்தவர் கப்பலுக்குச் சேதம் விளைவித்தால் 10,000 கிரெடிட் அபராதம், அரை மணி நேரம் போலீஸ் துரத்தும். எங்கள் சட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

பெரம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் நண்பர்களை உட்காரவைத்து ஆடவிட்டோம். சிலர் வீட்டிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வந்தார்கள். என் சித்தப்பா பையன் அப்படி வந்தவன். லேக் அடித்து, அதாவது இணைப்பு பின்தங்கி, நிலைய வாசலில் இன்னொரு கப்பலில் இடித்துவிட்டான். போலீஸ் சுட்டது. திரும்ப வந்தான், திரும்பச் சுட்டது. “நான் என்னடா பண்ணேன்?” என்று கேட்டுவிட்டுப் போனவன் மறுபடி வரவேயில்லை. அதே நேரம் இன்னொருவன் சரக்கு ஓட்டிப் பணம் சேர்த்து, புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே சுட்டான். 10,000 கட்டினான், மறுபடி சுட்டான். அபராதத்தை 50,000 ஆக்கினால் என் தம்பி மாதிரி ஆள் எழுந்திருக்கவே முடியாது. குறைத்தால் இவனுக்குக் கொண்டாட்டம். பெரிய கேம்களில் இதை நியாயமாகச் செய்திருக்கிறார்களா? நாங்கள் எதை மாற்றுவது?

தினேஷ்

*

அன்புள்ள தினேஷ்,

அபராதத் தொகையை ஏற்றி இறக்கிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். எது குற்றம் என்பது ஒரு கேள்வி. குற்றவாளியிடம் எதைப் பிடுங்குவது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் சேர்த்து 10,000 என்ற ஒரே எண்ணைப் பதிலாக வைத்திருக்கிறீர்கள். உங்கள் சித்தப்பா பையனுக்கு அநியாயம் நடந்தது முதல் கேள்வியில். வாசலில் செத்த புதியவர்களுக்கு நடந்தது இரண்டாவதில்.

இடிப்பதிலிருந்து தொடங்குவோம். 2003-இல் வந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் கப்பல்கள் இடித்துக்கொண்டால் சேதமே கிடையாது, தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அதன் சர்வர் லண்டனில் இருக்கிறது. சென்னையிலிருந்து நல்ல இணைப்பு இருந்தாலும் தாமதம் நூறு மில்லிநொடியைத் தாண்டும். ஆனால் அந்த சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடுகிறது. அதனால் தண்டையார்பேட்டையில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறார்கள். தூரத்தில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய நியாயத்தை எந்தச் சட்டப் பிரிவும் தந்துவிடாது. இதற்கும் ஒரு விலை உண்டு. இடிப்பது குற்றமில்லை என்றானதும், பெரிய சரக்குக் கப்பல்களை ஓயாமல் இடித்துத் தள்ளி, வார்ப் என்ற அதிவேகப் பாய்ச்சலுக்குப் போகவிடாமல் நிறுத்திவைத்து, கூட்டாளிகள் வரும்வரை பிடித்துவைக்கும் தொழில் ஒன்று கிளம்பியது. வார்ப் செய்ய முயலும் கப்பலை மூன்று நிமிடத்துக்குமேல் அப்படித் தடுக்க முடியாது என்று பிறகு ஒரு வரம்பு வைத்தார்கள்.

எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டில் இடித்தால் சேதம் உண்டு. அங்கே வேகத்தை வைத்துத் தீர்ப்பு. நிலையத்தின் அருகே நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் போகிறவர் இடித்தால் பழி அவர்மேல். எதிரே இருந்த கப்பல் அதில் வெடித்துவிட்டால் அது உயிர்ப்பழியாகி, நிலையத்தின் துப்பாக்கிகள் திரும்பிக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், சிலர் மிகச் சிறிய கப்பலை ஏற்கெனவே உடையும் நிலைக்குக் கொண்டுவந்து, வேகமாக நுழைகிறவர்களின் பாதையில் வேண்டுமென்றே நிறுத்தினார்கள். இடிபட்டுச் செத்தது அவர்கள், குற்றவாளியானது புதியவர். நிலையம் தன் கையாலேயே அவரைக் கொன்றது.

ஸ்டார் சிட்டிசன் என்ற மூன்றாவது விளையாட்டில் தீர்ப்பின் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவரிடமே விட்டிருக்கிறார்கள். ‘புகார் கொடுக்கிறீர்களா?’ என்று திரையில் கேட்கும். கொடுத்தால் எதிராளிக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை போகும் குற்றநிலை ஏறும். தவறுதலாக நண்பனின் கப்பலை உரசியவர் இதனால் தப்புகிறார். ஆனால் வேண்டுமென்றே குறுக்கே வந்து அடிபட்டவன் கையிலும் அதே பொத்தான்தான் இருக்கிறது. உங்கள் விளையாட்டில் மன்னிக்கும் அதிகாரத்தை மட்டும் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுங்கள். குற்றத்தை உண்டாக்கும் அதிகாரம் சர்வரிடமே இருக்கட்டும்.

ஆகவே இடிப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இடித்தால் இரண்டு கப்பலுக்கும் சேதமில்லை என்று வையுங்கள். அதற்கு வெளியே சேதம் உண்டு, குற்றம் இல்லை. யாராவது தள்ளியே வழிமறித்தால் ஈவ் செய்ததுபோல நேர வரம்பு போடலாம். இதோடு உங்கள் சித்தப்பா பையனின் வழக்கு முடிந்தது.

சுடுவதற்கு ஒரு பூட்டு வேண்டும். ஈவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைப் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது. பச்சையில் இருந்தால் உங்களைச் சந்தேக நபராகவோ குற்றவாளியாகவோ ஆக்கக்கூடிய எந்தச் செயலையும் விளையாட்டே செய்யவிடாது. மஞ்சளில், அடுத்தவர் பொருளை எடுப்பது போன்ற சந்தேகக் குற்றங்கள் முடியும். பாதுகாப்பான பகுதியில் வம்புக்கு வராத ஒருவரைச் சுட வேண்டுமென்றால் கையால் சிவப்புக்கு மாற்றியாக வேண்டும். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. தண்டிக்கப்படுகிறவன் ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்ல நியாயமான வழியே இருக்காது, ஏனென்றால் செய்வதற்கு முன்பே அவனிடம் கேட்டாகிவிட்டது. உங்களுக்கு இரண்டு நிலை போதும். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பச்சையிலேயே தொடங்கட்டும். கை தவறிப் பட்ட தோட்டாவுக்கும் பச்சையே தடுப்பு. இலக்கில் இல்லாத கப்பல்மேல் பட்டால் சேதத்தை சர்வர் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டும்.

இனி அந்த இன்னொருவன். அவன் கட்டும் 10,000 அவனுக்குத் தண்டனையாகத் தோன்றவில்லை, வாசலில் நின்று சுடுவதற்கான டிக்கெட் அது. ஈவில் இந்தக் கணக்கை எல்லோரும் வெளிப்படையாகவே போடுகிறார்கள். அங்கே கான்கார்ட் என்ற போலீஸ் தாக்குதலைத் தடுப்பதில்லை, தாக்கியவனை அழிக்கிறது. அதனிடமிருந்து தப்பிப்பதே விதிமீறல். ஆனால் வந்து சேர நேரம் எடுக்கும். மிகப் பாதுகாப்பான 1.0 மண்டலத்தில் சுமார் 6 நொடி, எல்லையில் இருக்கும் 0.5-இல் சுமார் 19 நொடி. ஒரு மலிவான கப்பல் நொடிக்கு 500 சேதம் விளைவிக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 19 நொடியில் 9,500. இருபது பேர் சேர்ந்தால் 1,90,000. அதே அடியை 6 நொடியில் அடிக்க 64 கப்பல் வேண்டும். செத்த கப்பலின் சரக்கில் ஒவ்வொரு பொருளும் பிழைக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருபது கப்பலின் விலை மொத்தம் 20 கோடி என்றால், 40 கோடிக்கு மேல் சரக்கு ஏற்றியவர் கொல்லத் தகுந்தவர். அந்த வரம்புக்குக் கீழே ஏற்றினால் அவரைக் கொல்வது நஷ்டம். 2011-இன் கடைசிவரை, கான்கார்ட் அழித்த கப்பலுக்கும் இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் தாக்குகிறவனின் செலவு ஏறியது, கணக்கு மாறியது.

இது நியாயமா? கணக்குத் தெரிந்தவர்களுக்கு இடையே ஓரளவுக்கு நியாயம்தான் என்பேன். தெரியாத புதியவருக்கு அது பொறி. உங்கள் வாசலில் செத்தவர்கள் எல்லோருமே தெரியாதவர்கள். எனவே உங்கள் கணக்கை அவர்கள் பக்கத்திலிருந்து போடுங்கள். தொடக்கக் கப்பலின் உயிரை, விளையாட்டிலேயே பெரிய துப்பாக்கி நொடிக்கு அடிக்கும் அடியால் வகுத்துப் பாருங்கள். 600 உயிர், 200 அடி என்றால் மூன்று நொடி. போலீஸ் ஐந்தாவது நொடியில் வந்தால் பிணத்துக்குத்தான் காவல். நிலைய வாசலில் போலீஸ் இரண்டு நொடியில் வரட்டும், தூரம் போகப் போகத் தாமதம் கூடட்டும். அந்த எண்ணை வரைபடத்திலேயே அச்சிட்டுக் காட்டுங்கள்.

பணமாகத் தண்டிப்பதன் ஓட்டையை எலீட் பட்ட பாட்டில் பார்க்கலாம். 2018-க்கு முன் அங்கே தலைக்கு விலை ஆள்மேல் நின்றது. பெரிய கப்பலில் கொன்றுவிட்டு, தொடக்கநிலைச் சிறு கப்பலுக்கு மாறி, அதில் வேண்டுமென்றே செத்துக் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். 2018 பிப்ரவரி மாற்றத்தில் பழியைக் கப்பலோடு கட்டினார்கள். பழியுள்ள கப்பலிலிருந்து கழற்றிய பாகத்துக்கும் பழி ஒட்டும். கூடவே ‘நொட்டோரியட்டி’ என்று பத்துவரை ஏறும் ஓர் எண்ணை வைத்தார்கள். கொலைக்கு ஒன்று ஏறும், விளையாடும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒன்று இறங்கும். அது பூஜ்ஜியமாகும்வரை காசு கட்டிப் பழியைத் தீர்க்க முடியாது. பத்தில் இருப்பவனுக்கு இருபது மணி நேரம். காசைவிட இது மேல். ஆனாலும் அந்த நேரத்தை அவன் வேறு யாரும் வராத தனியாட்ட முறைக்குப் போய்க் கழிக்கலாம். தலை விலைக்காகத் தேடும் வேட்டைக்காரர்கள் கண்ணில் படாமலே தண்டனை முடிந்துவிடும்.

ஸ்டார் சிட்டிசனில் 2020 முதல் கிளெஷர் என்ற சிறை இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனாலும் தண்டனைக் காலம் ஓடும். உள்ளே சுரங்கம் தோண்டினால் சீக்கிரம் குறையும். வேலைக்குப் போகிறவருக்கு இது இரக்கமான ஏற்பாடு. ஆனால் எலீட் போல விளையாடும் நேரத்தால் தண்டிப்பதில் எனக்கு இருக்கும் பயம், நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு மணி நேரம் என்பது அவன் சட்டைப்பையிலிருந்து போகும் பணம். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு அது ஒரு தூக்கம்.

வியாசர்பாடியிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் நீங்கள் பார்த்து வளர்ந்த கேரம் போர்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் காசு கேட்பதில்லை, வெளியே உட்காரச் சொல்வதும் இல்லை. போட்ட காயைத் திரும்ப வைக்கச் சொல்கிறார்கள். கையில் காய் இல்லையென்றால் கடனாக நிற்கும், அடுத்த காய் விழுந்ததும் எடுத்து வைக்க வேண்டும். எதை ஜெயிக்க வந்தானோ அதிலிருந்தே எடுக்கிறார்கள்.

உங்கள் வாசல் ரவுடி ஜெயிக்க வந்தது அந்த வாசலை. அதை எடுங்கள். சட்டவிரோதமாக ஒரு கொலை செய்தால் அந்த மண்டலத்தின் நிலையத்தில் இறங்கும் உரிமை போகட்டும். திரும்பப் பெற, வெளிவாசலில் சரக்கு வாங்கி, அதே மண்டலத்துக்குள் ஐந்து நடை கூலியில்லாமல் ஓட்ட வேண்டும். அடுத்த கொலைக்குப் பத்து, அதற்கடுத்து இருபது, அதோடு நிறுத்திவிடுங்கள். எல்லையில்லாமல் பெருக்கினால் திருந்த நினைப்பவனும் விட்டுவிட்டுப் போய்விடுவான். நடையைக் காசுக்கு வாங்கவோ அடுத்தவரிடமிருந்து மாற்றிக்கொள்ளவோ வழி இருக்கக்கூடாது. ஈவில் குற்றம் செய்யச் செய்ய இறங்கும் ‘பாதுகாப்பு மதிப்பு’ என்ற எண்ணை, விளையாட்டின் சந்தையில் வாங்கிய டேக் என்ற அடையாள வில்லைகளைக் கொடுத்தே ஏற்றிக்கொள்ள முடியும். பணக்காரனுக்கு அது கதவு. கரண்ட் போனாலும் லைன் அறுந்தாலும் பாதி நடை அப்படியே பதிவாகி இருக்கட்டும்.

இழப்பீடு தனி. இப்போது உங்கள் 10,000 காற்றில் கரைகிறது. செத்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கப்பல் விலையும் சரக்கு விலையும் கொன்றவன் கணக்கிலிருந்து நேராக அவருக்குப் போகட்டும். பணம் இல்லையென்றால் கடன். இனிமேல் சம்பாதிப்பதில் நான்கில் ஒரு பங்கு கடன் தீரும்வரை போகும். ஈவில் பாதிக்கப்பட்டவருக்கு 30 நாள் பழிவாங்கும் உரிமை கிடைக்கும், அதை அவர் பிறருக்கும் திறந்துவிடலாம். அங்கே குற்றவாளி தன் நண்பனையே விட்டு அந்த உரிமையை எடுக்கச் செய்து, மலிவான கப்பலில் செத்துத் தீர்த்துவிடுகிறான். பணமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தந்திரத்துக்கு இடமில்லை. ஆனால் செத்தவனும் கொன்றவனும் கூட்டாளிகளாக இருந்து கணக்குகளுக்கு இடையே பணத்தைக் கடத்தலாம். அதனால் சரக்கின் விலையை அவர்கள் வாங்கிய ரசீதிலிருந்து எடுக்காமல், சந்தைச் சராசரியிலிருந்து எடுங்கள்.

உங்கள் தம்பி கடைசியாகக் கேட்ட கேள்விக்குத் திரையில் பதில் இருந்திருக்க வேண்டும். ‘நீங்கள் குற்றவாளி’ என்று மட்டும் காட்டாதீர்கள். ‘21:14:07. நிலையம் 3-இலிருந்து 400 மீட்டரில், சிவப்பு நிலையில், இந்த ஆயுதத்தால், இந்தக் கப்பலுக்கு 220 சேதம். விதி 2’ என்று ஒரே வரி போதும். அந்த வரியைக் கிளிக் செய்தால் அதற்கு முந்தைய பத்து நொடியின் பதிவு திறக்கட்டும். இருவரின் பிங்கும், அதாவது இணைப்புத் தாமதமும், அதில் இருக்க வேண்டும். முறையிட ஒரு பொத்தான் வையுங்கள். முப்பது பேர் ஆடும் விளையாட்டில் அதை நீங்கள் நால்வருமே படித்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

மாற்றியபின் வாரம் ஒருமுறை சர்வரின் பதிவேடான லாகைத் திறந்து, தண்டிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் விளையாடத் தொடங்கி பத்து மணி நேரம்கூட ஆகாதவர்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் அவர்களாக இருந்தால் விதியில் எங்கோ இன்னும் பொறி இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்கிக் கொன்றுவிட்டு, அதை அழித்து இன்னொன்று தொடங்குவதையும் அதே லாகில் பாருங்கள். ஈவில் பாதுகாப்பு மதிப்பைத் தட்டிக்கழிக்க அப்படிச் செய்வது விதிமீறல். உங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஆள் பலம் கிடையாது. கடன் இருக்கும் கணக்கை அழிக்க முடியாது என்று வைத்துவிட்டு, புதுக் கணக்குக்கு முதல் மூன்று மணி நேரம் சிவப்பு நிலையே திறக்காதபடி செய்யுங்கள். அடுத்த சோதனைக்கு எல்லோரையும் பிரவுசிங் சென்டருக்கு வரவழைக்காமல், பாதிப் பேரை ஹாட்ஸ்பாட்டிலேயே ஆடவிடுங்கள்.