எந்தக் கரையில் நிற்கிறீர்கள்?

கேள்வி: அமெரிக்காவும் சீனாவும் வரி, தடை, அரிய மண் தனிமம் என்று மாறி மாறி அடித்துக்கொள்கின்றன. கடைசியில் யார் ஜெயிப்பார்கள்? நம்மைப் போன்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கருங்கல்

பதில்: பஞ்சாயத்துக் கணக்கு, கோயில் கணக்கு, மாமியார் விவகாரம் என்றால் பெயரை மறைப்பார்கள். புரிகிறது. அமெரிக்கா, சீனா பற்றிக் கேட்பதற்குமா? நம் பத்திரிகை வாஷிங்டன் வரைக்கும் போவதில்லை. மழை பெய்தால் தக்கலைக்கே இரண்டு நாள் கழித்துத்தான் போகிறது. ட்ரம்ப் இதைப் படித்துவிட்டுக் கருங்கல்லுக்கு மட்டும் தனி வரி போட்டுவிடுவார் என்று பயந்திருந்தால், அந்தப் பயமும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் இந்தியா முழுவதற்குமாக 50 சதவீதம் போட்டாரே, அதில் கருங்கல்லும் அடக்கம். பீஜிங் கோபித்துக்கொள்ளும் என்றால், அவர்கள் பார்க்காத கோபமா? உங்கள் பெயர் இரண்டு தலைநகரிலும் பாதுகாப்பாக இருக்கும். அடுத்த தடவை தைரியமாக எழுதுங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். முழுக் கேள்விக்கும் இல்லை, 'கரையில் நின்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்கு. எந்தக் கரை ஐயா? கருங்கல்லில் பஸ் ஏறினால் நீங்கள் போய் இறங்குவது மிடாலம் கரை. அங்கே நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தால், அவர்கள் அடித்துக்கொள்ளும் சரக்கின் மேலேயே நின்றுகொண்டு சண்டை எங்கே நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் மணவாளக்குறிச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள். வெளுத்த மணலை அலை இழுத்துக்கொண்டு போயிருக்கும். கனத்த கறுப்பு மணல் பட்டை பட்டையாகப் படிந்து கிடக்கும். ஒரு கை அள்ளினால் சாதாரண மணலை விடக் கனக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நடுவே தேன் நிறத்தில் கொஞ்சம் மோனசைட். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்தால் கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். தேன் நிற மணல் ஒட்டாது. மின்சாரக் கார் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் அந்த ஒட்டாத மணலில்தான் இருக்கிறது.

இந்தக் கரைக்கு வல்லரசுச் சண்டை புதிதும் இல்லை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார் என்பார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் தெரியும்தானே? அது பளீரென்று எரிய வேண்டுமென்றால் தோரியம் வேண்டும், தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. ஐரோப்பாவின் தெருக்களில் கேஸ் விளக்கு எரிந்த காலம் அது. முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பர்க்கை எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். மணல் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது. அள்ளிக் கொடுத்த நம் ஊர்க்காரனுக்குக் கூலி மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தில் சர் சி.பி. பக்தர்கள் பேனாவை எடுத்துவிடுவார்கள். 1947இல் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தபோது திவான் சி.பி. ராமசாமி ஐயர் நம்பியதில் ஒன்று இந்த மணல். பிரிட்டனுக்கு மோனசைட் விற்க ஒப்பந்தமும் போட்டார். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அவர் மேல் வெட்டு விழுந்தது, தனி நாடும் அதோடு போயிற்று. "அவரை விட்டிருந்தால் நாம் இன்றைக்குக் குவைத்" என்று எனக்கு இன்னும் கடிதம் வருகிறது. மணலை மணலாகவே கப்பல் ஏற்றுகிறவன் எந்தக் காலத்தில் குவைத் ஆனான்? குளச்சல் போரை இன்றைக்கு நான் தொடவில்லை. போன தடவை தொட்டதற்கு நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அனுப்பிய பதிலை இன்னும் படித்து முடிக்கவில்லை.

உங்கள் அமெரிக்கா-சீனாவுக்கே வருகிறேன். 1953இல் இந்தியா சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட்டைச் சீனாவுக்கு அனுப்பியது. போலந்துக் கப்பலில் போனது. மூலப்பொருள் திருவிதாங்கூர் கரையின் மணல். கொரியச் சண்டை அப்போதுதான் அடங்குகிற நேரம். தடை செய்த சரக்கைச் சீனாவுக்கு விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இருந்தது. பேட்டில் சட்டம் என்று அதற்குப் பெயர். வெளியுறவு அமைச்சர் டல்லஸ் குதித்தார். நிபந்தனையோடு வரும் உதவியே வேண்டாம், யாருக்கு விற்பது என்பது எங்கள் இஷ்டம் என்றார் நேரு. கடைசியில் என்ன ஆயிற்று? உதவி நிற்கவில்லை. தோரியம் நைட்ரேட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று அமெரிக்கா இறங்கி வந்தது. ஒரு டன் தோரிய உப்புக்காக இரண்டு அரசாங்கங்கள் கடிதம் எழுதி ஓய்ந்தபோது, நம் ஊரில் நேசமணியின் தலைமையில் தமிழ்நாட்டோடு சேரும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிர்களையும் கொடுத்தோம். நம் மணலுக்காக வாஷிங்டனும் டெல்லியும் மல்லுக்கட்டிய அதே வருஷங்களில், நாம் எந்த மாநிலம் என்பதே முடிவாகவில்லை.

யார் ஜெயிப்பார்கள் என்றால், இந்தச் சாமானில் சீனா எப்போதோ ஜெயித்துவிட்டது. மண் அங்கே மட்டும் இருப்பதால் இல்லை. அரிய மண் தனிமங்களைத் தோண்டுவதில் 60 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கையில் இருக்கிறது, பிரித்துச் சுத்திகரிப்பதில் சுமார் 90 சதவீதம். அமெரிக்காவிடம் கலிபோர்னியாவில் மவுன்டன் பாஸ் என்ற பெரிய சுரங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதுதான் உலகத்துக்கே சப்ளை. அப்புறம் பிரிக்கிற வேலை அழுக்கு வேலை, அமிலம், கழிவு, கதிரியக்கம், நமக்கெதற்கு என்று கைகழுவினார்கள். சமீப காலம் வரை அந்தச் சுரங்கத்துத் தாது சீனாவுக்குத்தான் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய காந்தத் தொழிற்சாலையை 1995இல் விற்றபோது, வாங்கிய கூட்டத்தில் சீனக் கம்பெனிகளும் இருந்தன. விற்றவனுக்கு இன்றைக்குத் தேசபக்தி பொங்குகிறது.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி ட்ரம்ப் வரி அறிவித்தார். 4ஆம் தேதி சீனா ஏழு தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் அனுமதிச் சீட்டு முறை கொண்டுவந்தது. இரண்டே நாள். நம் ஊரில் ஒரு பட்டா மாறுதலுக்கு ஆகிற நாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வரி அமெரிக்கப் பக்கம் 145, சீனப் பக்கம் 125 என்று ஏறி, மே மாதம் ஜெனீவாவில் இறங்கியது. அக்டோபர் 9இல் சீனா மறுபடி பட்டியலை நீட்டியது, 30ஆம் தேதி ட்ரம்பும் சீன அதிபர் ஷியும் தென் கொரியாவில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இடையில் அடி விழுந்தது இந்தியக் கார், பைக் கம்பெனிகளுக்கு. காந்தம் வராமல் தயாரிப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று.

அப்போது டெல்லிக்கு மணவாளக்குறிச்சி ஞாபகம் மறுபடி வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். சீனா பூட்டிய ஏழில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன ரகங்கள்தான் முக்கியம். சூட்டில் காந்தம் பலம் இழக்காமல் இருக்க அவை வேண்டும். நம் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் உண்டு, கன ரகம் சொற்பம். அதனால் "நம் மணலை அள்ளினால் சீனா காலி" என்று டிவியில் கத்துகிற நிபுணர்களை நம்பாதீர்கள். நியோடிமியத்தையாவது காந்தமாக்குகிறோமா? இந்திய அரிய மண் நிறுவனம் 1950இல் தொடங்கியது. அது விசாகப்பட்டினத்தில் காந்த ஆலை திறந்தது 2023இல், கொள்ளளவு ஆண்டுக்கு 3,000 கிலோ. அது சமாரியம்-கோபால்ட் காந்தம், கார் மோட்டாருக்கு ஆகிற ரகம் வேறு. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் திட்டம் போட்டிருக்கிறது, இலக்கு ஆண்டுக்கு 6,000 டன். நல்லது. எழுபத்தைந்து வருஷம் முன்னால் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

டிவி நிபுணர்களைச் சொன்னேனே, இந்துமாக்கடல் அரசியல் தெரிய வேண்டுமானால் தூத்தூர் மீனவர்களிடம் கேளுங்கள். சுறா, சூரை தேடி அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய், பிரிட்டிஷ்காரர்களிடம் மாட்டி, படகைப் பறிகொடுத்து வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அமெரிக்கத் தளம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் பார்க்காமல் சொல்வார்கள். சீனா வேண்டுமா? விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போங்கள். கிரேன்கள் சீனாவிலிருந்து வந்தவை. 2024 ஜூலையில் வந்த முதல் பெரிய சரக்குக் கப்பல் சீனாவின் சியாமெனிலிருந்து வந்தது. அலைத் தடுப்புக்காகக் கடலில் கொட்டிய கல்லில் ஒரு பங்கு நம் மலை. ராத்திரி பகல் பார்க்காமல் களியக்காவிளை வழியாக டாரஸ் லாரியில் போனது. இந்த டாரஸ் லாரி விஷயத்தை நான் எந்தக் கேள்விக்குப் பதில் எழுதினாலும் நுழைத்துவிடுகிறேன் என்று அலுவலகத்தில் முணுமுணுக்கிறார்கள். கேட்டவரே ரோட்டில் நடக்க வேண்டியவர், எப்படி நுழைக்காமல் இருப்பது?

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், மிக அருகிலேயே வேலை இருக்கிறது. கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம். 2024 அக்டோபர் 1ஆம் தேதி பத்மநாபபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். தோரியம் கலந்த கதிரியக்க மணலை எடுத்துவிட்டால் கரைக்கு நல்லதுதானே என்கிறது அரசு தரப்பு. மணலைத் தோண்டினால் கடல் ஊருக்குள் வரும், புற்றுநோய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்கிறார்கள் கரைக்காரர்கள். இப்போதே கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு என்ற கல் சுவர் கேட்டு மறியல் செய்கிற ஊர்கள் அவை. தேச நலன், சீனாவுக்குப் பதிலடி என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தால், 1953இல் டல்லஸ் நேருவிடம் பேசிய தோரணைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கூட்டம் மறுபடி வைத்தால் விடாதீர்கள். நீங்கள் போங்கள். எடுக்கிற மணலில் எத்தனை கிலோ காந்தமாகும், அந்த ஆலை எந்த ஊரில் வரும், அதில் கரையோரப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை, குழியை யார் எப்போது மூடுவார்கள், கதிரியக்க அளவை மாதாமாதம் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டுவார்களா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். சீல் வைத்துக் கொடுக்க மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அதை முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.