18,000 கேட்கலாமா, 16,500-க்கு விட்டுவிடலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு பெட்ரூம் போர்ஷன். ஆறு வருஷமாக 13,000 கொடுத்து இருந்தவர்கள் ஜூன் 30 அன்று காலி செய்கிறார்கள். புரோக்கர், "பக்கத்துத் தெருவில் 18,000 போகிறது, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்கிறார். வந்து பார்த்த ஒரு தம்பதி 16,500 தருவதாகச் சொன்னார்கள். என் கணவர் 18-க்குக் குறைக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: 16,500-க்கே விடுங்கள், அதுவும் ஆடி பிறப்பதற்குள்.

பக்கத்துத் தெருவில் 18,000 "போகிறது" என்றால் யாராவது அந்த வாடகைக்குக் குடிவந்திருக்கிறார்களா, இல்லை டு-லெட் போர்டு வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருக்கிறதா? புரோக்கரை விட்டுவிட்டு முனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், தெருவில் யார் எவ்வளவுக்கு வந்தார்கள், எந்த வீடு மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படியே அந்த 18,000 வீட்டில் லிஃப்ட், கார் நிறுத்த இடம் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் மாடிக்குத் தனி இ.பி. மீட்டர் இருக்கிறதா, போர் தண்ணீர் உப்பா, இரண்டு பைக் உள்ளே நிற்குமா, வருகிறவர்கள் கேட்பது இதைத்தான்.

இப்போது கணக்கு. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் பால் காய்ச்ச வாடகைக்கு வருகிறவர்கள்கூடத் தயங்குவார்கள். 18-தான் என்று பிடிவாதமாக இருந்து, ஆவணி பிறந்து செப்டம்பரில் ஆள் வந்தால் இரண்டு மாதம் காலி, 33,000 போச்சு. மாதம் 1,500 கூடுதலாக வாங்கி அதை ஈடுகட்ட 22 மாதம் ஆகும், அதாவது பதினொரு மாத அக்ரிமென்ட் இரண்டு முறை! அதுவும் 18-க்கு ஆள் கிடைத்தால்தான்.

உங்கள் கணவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷம் ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் விட்டுவிட்டு, அதையெல்லாம் புதிதாக வருகிறவர் தலையில் கட்டப் பார்க்கிறார். வருஷத்துக்கு 5 சதவீதம் என்று இந்த முறை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும், நடுவில் ஏற்றுவதும் ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். அட்வான்ஸ் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, பழைய பத்து மாதக் கதையை மறந்துவிடுங்கள்.

அந்தத் தம்பதிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். ஜூன் 30-க்கும் ஆடிக்கும் நடுவில் இரண்டு வாரம்தான் இருக்கிறது, பெயிண்டரே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். அப்புறம், பாத்ரூம் குழாய் ஒழுகினால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.